பெயர் பொருந்தாத இயந்திரம்

மில்லில் பஞ்சு பறக்காத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில்தான் எனக்கு வேலை. வாசலுக்கு இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்திய பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, சேலையை உதறிவிட்டு உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே மிக்ஸிங் செக்‌ஷன். பேல் என்கிற பஞ்சுப் பொதிகளைப் பிரித்து, பஞ்சைக் கையால் கிழித்து, கொட்டையும் சருகும் பொறுக்கிக் கலக்குகிற இடம். அங்கே நின்ற பெண்களுக்குப் புருவமும் இமையும் வெளுத்திருக்கும். அவர்களைத் தூசி என்ன செய்யும் என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. எங்கள் அப்பாவுக்குத் தேனி பஜாரில் பலசரக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் கடை என்று இருந்த குடும்பம். நான் கணிதம் படித்துவிட்டு, மதுரையில் தங்கி ஒரு கம்ப்யூட்டர் படிப்பையும் முடித்திருந்தேன். ஊரில் கம்ப்யூட்டர் இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மில்லில் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன், கிடைத்தது. எனக்கு மேலே ஒரு செக்‌ஷன் ஹெட் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதற்கும் ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பார்.

வீடு அல்லிநகரத்தில். பக்கத்துக் காம்பவுண்டில் ஒரு அக்கா குடியிருந்தாள். மிக்ஸிங்கில் வேலை. சொந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. அவள் கணவர் பழக் கமிஷன் கடையில் சுமை தூக்குகிறவர். ஒரே மகளைப் படிப்பு கெடக்கூடாது என்று ஊரிலேயே தம்பி வீட்டில் விட்டிருந்தாள். மிக்ஸிங்குக்குப் பகல் ஷிப்ட் மட்டும்தான் என்பதால் நாங்கள் இருவரும் ஒன்றாகவே நடந்து போவோம். நல்ல பேச்சுக்காரி. மில்லில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த மேஸ்திரி யாரைப் பார்த்துப் பல்லைக் காட்டினார் என்பதெல்லாம் மில் கேட் வருவதற்குள் எனக்குச் சொல்லி முடித்துவிடுவாள்.

திங்கட்கிழமை மட்டும் போகும்போது பேசுவாள், வரும்போது பேச மாட்டாள். திரும்பும் வழியில் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

“ஞாயித்துக்கெழம நல்லாத்தான் இருந்தேன் பாப்பா. ஒரு நாள் லீவு விட்டுட்டுத் திரும்பப் பஞ்சுக்குள்ள நின்னா, நெஞ்சு மேல அம்மிய ஏத்தி வச்சாப்புல இருக்கு. செவ்வாக்கெழம கொஞ்சம் பரவால்ல. எனக்கு மட்டும் ஏன் இப்பிடி?”

அவளுக்கு மட்டும் இல்லை. ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. சொன்னால் பஞ்சு ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று நிறுத்திவிடுவார்கள். அக்கா சொன்னாள். நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்குக்கு மாற்றுங்கள், அங்கே இவ்வளவு தூசி இல்லை என்று மேஸ்திரியிடம் கேட்டாள். அவர் எல்லோர் முன்னாலும், “வேல செய்ய வலிச்சா நெஞ்சு வலிக்கத்தான் செய்யும்” என்று சொன்னாராம். அன்றிலிருந்து ‘நெஞ்சுவலி’ என்பதே அவளுக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. அவள் இருமினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். இளைஞர், ஒல்லியாக இருப்பார். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெடுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முதலாளிக்குத் தெரிந்த யாரோ சொல்லி அனுமதி கிடைத்திருந்தது. வார விடுமுறை முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவையும் முடிந்த பிறகு ஒரு தடவையும் தொழிலாளர்களை ஒரு குழாயில் ஊதச் சொல்வார். மூச்சு எவ்வளவு வருகிறது என்று கருவி காட்டும். மாலையில் மூச்சு குறைந்திருந்தால் பஞ்சு ஊதியவரைப் பாதிக்கிறது என்று பொருள். வயது, உயரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதற்கு அவர் ஒரு புரோகிராம் கொண்டுவந்தார்.

அந்தப் புரோகிராமை நான் மறக்க முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. அதை ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுக்க, கடைசியில் அது டாக்டரின் நண்பர் மூலம் ஃபிளாப்பியில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. மற்ற புரோகிராம்களெல்லாம் மூடிய டப்பா மாதிரி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. இதில் எழுதியவர் எழுதியபடியே ஒவ்வொரு வரியும் இருந்தது. படிக்கலாம், திருத்தலாம். இப்போது இதற்கு ‘ஓபன் சோர்ஸ்’ என்று பெயர் இருக்கிறது. அப்போது எங்களுக்கு அது சும்மா கிடைத்த ஒன்று, அவ்வளவுதான். செக்‌ஷன் ஹெட் அதை மில்லுக்குப் புதிதாக வந்த பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒரு பிழையும் காட்டாமல் ஏறியது. டாக்டருக்குச் சந்தோஷம்.

ஊதும் நாளன்று அக்கா குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். “பாப்பா, மிஷினுக்கிட்ட நெசத்தச் சொல்லச் சொல்லு” என்று கிண்டல் செய்துவிட்டுப் போனாள்.

தாள்கள் என்னிடம் வந்தன. எண்களைத் தட்டினேன். புரோகிராம் ஓடியது. பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆங்கிலத்தில் ‘மாற்றம் இல்லை’ என்று அடித்துத் தள்ளியது. கடைசித் தாள் வரைக்கும் அதேதான். டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, “ஆச்சரியமா இருக்கே. நல்ல மில் போல” என்றார். மேனேஜர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதமும் ஊதினார்கள். அப்போதும் மாற்றம் இல்லை.

மேஸ்திரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மிக்ஸிங்குக்குள் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பும் வழியில் அக்கா சொன்னாள்.

“எனக்கு ஒண்ணுமில்லன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சாம்ல. இனிமே வைண்டிங்கு கிண்டிங்குன்னு வாயத் தொறந்தா கேட்டுக்கு வெளியதான்னு சொன்னாக.”

“உனக்கு எப்படிக்கா இருக்கு?”

“அதான் எனக்கும் வெளங்கல. வீட்டுல அவுகளும், ‘பெரிய படிப்புப் படிச்சவக சொல்றாக, நீ என்னமோ மூச்சு முட்டுதுன்னு படுத்துக்கிடக்க’ன்னு கத்துறாக. ஒருவேள எனக்கு மனசுதான் சரியில்லையோ என்னமோ.”

அவள் தன் உடம்பையே நம்பாமல் போன அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. எண்களைத் தட்டியவள் நான். அவளுடைய மாலை எண் காலை எண்ணைவிட நன்றாகக் குறைந்திருந்தது எனக்கு நினைவிருந்தது. செக்‌ஷன் ஹெட்டிடம் கேட்டேன். “வயசு, உயரம் எல்லாம் போட்டுக் கணக்குப் பண்ணுதும்மா. நம்ம கண்ணுக்குக் குறைஞ்சாப்ல இருக்கும். புரோகிராமுக்குத் தெரியாதா?” என்றார்.

அந்தப் புரோகிராம் திறந்து கிடந்ததே. மதிய இடைவேளைகளில் அதை அச்செடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அந்த மொழி எனக்கு அரைகுறைதான். படிக்கப் படிக்கப் பிடிபட்டது. அதில் பல இடங்களில் ஒரே மாதிரியான ஒரு கேள்வி வந்தது. ‘இந்தப் பெயர் உண்டா?’ என்ற கேள்வி.

ஒரே புரோகிராமைப் பலவகைக் கம்ப்யூட்டர்களில் ஓட்ட வேண்டும் என்பதால் அந்த ஏற்பாடு. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதை நடத்துகிற இயங்குதளம் ஒன்று இருக்கும். அதற்கு ஒரு பெயர் இருக்கும். புரோகிராமை ஏற்றும்போது அந்தப் பெயர் தானாகவே முன்வந்து நிற்கும். பெரிய கம்ப்யூட்டர்களை நடத்துகிற யூனிக்ஸ் என்றால் இந்த வரிகளை எடுத்துக்கொள், இல்லையென்றால் அந்த வரிகளை எடுத்துக்கொள் என்று எழுதியவர் பிரித்து வைத்திருப்பார். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சின்ன எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்து இருந்தால்கூட அது வேறு பெயர். யார் எந்தப் பெயரை வைப்பது என்பதற்கு அப்போது ஒழுங்கான விதி எதுவும் இல்லை. யூனிக்ஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ள அதன் சொந்தக்காரர்களின் அனுமதி வேண்டும் என்பதால், அதே வகை இயங்குதளத்தைச் செய்து விற்ற கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டன.

எங்கள் மில்லில் இருந்ததும் அப்படிப்பட்டதுதான். உள்ளே எல்லாம் யூனிக்ஸ். பெயர் மட்டும் வேறு. அதோடு வந்த கைப்புத்தகத்தில், இந்தக் கம்ப்யூட்டர் எந்தெந்தப் பெயருக்குப் பதில் சொல்லும் என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் யூனிக்ஸ் இல்லை.

புரோகிராமுக்குத் திரும்பிப் போனேன். ‘யூனிக்ஸ் உண்டா’ என்ற கேள்விக்குக் கீழே காலை மூச்சையும் மாலை மூச்சையும் ஒப்பிடும் பகுதி முழுக்க இருந்தது. ‘இல்லை’ என்றால் போக வேண்டிய வழியில் ஒப்பிடவே இல்லை. அது மேசை மேல் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர்களுக்காக விட்ட வழி. அவற்றில் இடம் போதாதென்று எழுதியவர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, விடை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தை வைத்திருந்தார். பூஜ்யம் இருந்தால் ‘மாற்றம் இல்லை’ என்று அச்சாகும்.

எங்கள் கம்ப்யூட்டர் யாருடைய மூச்சையும் ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. கேட்ட பெயர் தன்னுடையதில்லை என்பதால் பேசாமல் சின்ன வழியில் போய்விட்டது. போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

கைப்புத்தகத்தில் இருந்த பெயரையும் அந்தக் கேள்வியில் சேர்த்து, மறுபடி ஏற்றி ஓட்டினேன். பிரிண்டர் பாதி வழியில் இருக்கும்போதே செக்‌ஷன் ஹெட் எழுந்து வந்துவிட்டார். மிக்ஸிங், ப்ளோ ரூம், கார்டிங் என்று தூசி அதிகமுள்ள இடங்களில் நின்றவர்களுக்கெல்லாம் பெயர் பெயராக ‘குறைவு’, ‘கடும் குறைவு’ என்று வந்தது. அக்காவின் பெயருக்கு எதிரே ‘கடும் குறைவு’. இரண்டு மாதமும்.

அவர் முகம் செத்துப்போயிற்று. “ஏம்மா, இத யாருகிட்டயும் சொல்லிட்டியா?”

“இல்ல சார்.”

“மேலிடத்துல கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் சும்மா இரு.”

மேலிடம் எங்களைக் கூப்பிட்டது. மேனேஜர் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நான் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “அதே எண்கள், அதே கம்ப்யூட்டர். போன மாசம் ஒண்ணு சொல்லுச்சு. நீங்க கைய வச்ச பெறகு வேற சொல்லுது. எத நம்பச் சொல்றீங்க?”

“பெயர் தப்பா இருந்தது சார். அதனால ஒப்பிடவே இல்ல.”

“பேருல என்னம்மா இருக்கு?” என்று சொல்லிவிட்டு, இரண்டு அறிக்கைகளையும் டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

டாக்டருக்கு மதுரைக்கு போன் போட்டுச் சொன்னேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்தார். எங்கள் அப்பா கடையில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் அச்செடுத்து வைத்திருந்ததை முழுக்கப் படித்தார். “நான் கையால நாலு பேருக்காவது கணக்குப் போட்டுப் பாத்திருக்கணும்” என்றார். வேறு சாக்கு எதுவும் அவர் சொல்லவில்லை. நேரே மில்லுக்குப் போய் மேனேஜரைப் பார்த்தார். இனி வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். ஊதும் கருவியைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கேட்டில் நின்றவரை வாட்ச்மேன் பையைத் திறந்து காட்டச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் நானே சொன்னேன். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அப்ப, எனக்கு நோவு இருக்குன்னு இப்பச் சொல்லுதா?”

“ஆமாக்கா. முதல்லயே இருந்திருக்கு.”

அவள் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. நிம்மதி மாதிரி இருந்தது.

“நான் பொய் சொல்லலன்னு ஆயிருச்சுல்ல பாப்பா” என்றாள். உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டாள். “இங்கன வாங்க. பாப்பா என்ன சொல்லுதுன்னு வந்து கேளுங்க. நான் ஒண்ணும் நடிக்கல.”

அவர் வாசலில் வந்து நின்றார். கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். திரும்பி வரும்போது அவளுக்கு இட்லி வாங்கி வந்தாராம். மறுநாள் அதைப் பெருமையாகச் சொன்னாள்.

டாக்டரே அவளை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அதற்கு முன்னால் இங்கே வேறொரு டாக்டர் காசநோய் என்று மாத்திரை கொடுத்து, அவள் மாதக்கணக்கில் அதை விழுங்கியிருந்தாள். பஞ்சை விட்டு விலகினால் இதற்கு மேல் கெடாமல் இருக்கலாம், கெட்டது கெட்டதுதான் என்றார்கள். அவள் மில்லை விட்டு நின்றாள். வீட்டில் சும்மா இருந்தபோதும் மூச்சு திரும்பவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. பிறகு தலை வார முடியவில்லை. கையைத் தூக்கினால் இரைக்கும். கணவர் அவளை ஊருக்கே அழைத்துப் போய்விட்டார்.

டாக்டரும் நானும் சேர்ந்து அந்தப் புரோகிராமை எழுதியவருக்குக் கடிதம் போட்டோம். எங்கள் கம்ப்யூட்டர் எந்தப் பெயரில் பதில் சொல்கிறது என்று எழுதினேன். அதோடு நிற்கவில்லை. இன்னும் எத்தனையோ பெயரில் கம்ப்யூட்டர்கள் வரும், எல்லாவற்றையும் நீங்கள் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது, தெரியாத பெயர் வந்தால் ஒரு வழியில் போய்விடாமல் ஓடுவதையே நிறுத்திவிடும்படி எழுதுங்கள் என்று சொன்னேன். என் ஆங்கிலம் சரியாக இருக்க வேண்டுமே என்று பலமுறை அடித்து எழுதினேன்.

பதில் வர மாதங்கள் ஆயின. எங்கள் கம்ப்யூட்டரின் பெயரை அவர் சேர்த்துவிட்டார். தெரியாத பெயர் வந்தால் நிறுத்தவும் செய்திருந்தார். அந்தப் பெயரில் முதல் எழுத்து பெரியதா சின்னதா, முன்னால் அடிக்கோடு உண்டா என்றெல்லாம் கவனமாகக் கேட்டிருந்தார். கடைசியில், இதனால் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா என்றும் கேட்டிருந்தார். முதல் கேள்விகளுக்கு உடனே பதில் எழுதினேன். கடைசிக் கேள்விக்கு நாலைந்து முறை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டு, ஒரு பெண் இறந்துவிட்டாள் என்று மட்டும் எழுதினேன். அதற்கு முந்தின வாரம்தான் தகவல் வந்திருந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு கம்பம் போய், அங்கிருந்து டவுன் பஸ் ஏறி அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். திராட்சைப் பந்தல்களை ஒட்டிய வீடு. தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த வாடை உள்ளே வருகிறதென்று கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். சுவரில் தலையணையை நிமிர்த்தி வைத்து, அதில் சாய்ந்தபடியே இருந்தாள். படுத்தால் மூச்சு வராது. பேச்சுக்காரியான அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று பேசினாள்.

“அங்கன... வைண்டிங்குல... எடம் காலியா இருக்கா பாப்பா?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

“நல்லா ஆனதும்... வாரேன்னு... சொல்லி வையி.”

அவள் மகள் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா இறந்த அடுத்த வருஷம், ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற நேரத்தில் மில் கேட்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். புதுத் தாவணி, கையில் தூக்குச்சட்டி. என்னைக் கண்டதும் சிரித்தாள். தாய்க்குப் பதில் மகளை எடுத்துக்கொண்டார்கள். அவள் அப்பா வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

“எந்தச் செக்‌ஷன்?” என்று கேட்டேன்.

“அம்மா நின்ன எடந்தான்க்கா. மேஸ்திரி அங்கனதான் போகச் சொன்னாக.”

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ச் செக்‌ஷன் ஹெட் முன்னால் நின்றேன். அவளை மிக்ஸிங்கில் போட்டால் நான் இன்றே வேலையை விட்டுவிட்டு, தெரிந்ததையெல்லாம் யூனியன் ஆட்களிடம் சொல்வேன் என்றேன். அவர் இந்த முறை மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. எழுந்து போனார். போனவர் லேபர் ஆபீசரிடம் என்ன பேசினாரோ தெரியாது. அந்த வாரமே அவளைக் கோன் வைண்டிங்குக்கு மாற்றினார்கள். அவருக்கு நன்றி சொன்னேன். அவர் தலை நிமிராமல், “போய் வேலையப் பாரும்மா” என்றார்.

திங்கட்கிழமை ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மிக்ஸிங்கில் அக்கா நின்றிருந்த இடத்தில் வேறொரு பெண் நின்று பேலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆண்டிப்பட்டிப் பக்கத்துப் பெண், வந்து இரண்டு நாள்தான் ஆகிறது என்றார்கள். தூசிக்கு மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அது நழுவ நழுவ இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.